கிழங்கு விடுமுறையில் வந்த பார்வைக் குழு

ஜெர்மேன் சிரோவா பிப்ரவரியில் இறந்தாள். தரை இரும்பாய் இறுகிக் கிடந்ததால் மே மாதம்தான் புதைக்க முடிந்தது. மெய்ன் மாநிலத்தின் வடக்குக் கோடியில், ஆற்றுக்கு அந்தக் கரையில் கனடா தெரியும் செயின்ட் ப்ளேஸ் ஊரில், குளிர்காலத்தில் போனவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில் பனி உருகும்வரை காத்திருக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகை ஐந்து வரி போட்டது. வயது எண்பத்தெட்டு, உயர்நிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தட்டச்சும் கணக்குப்பதிவும் கற்பித்தவர், காலஞ்சென்ற லியோனெலின் மனைவி, பிள்ளைகள் இல்லை. அதில் பிழை ஒன்றும் இல்லை. முப்பத்தேழாக இருக்க வேண்டியது ஏன் முப்பத்து நான்காயிற்று என்று கேட்பவர்கள்தான் ஊரில் இப்போது குறைந்துவிட்டார்கள்.

1986-ஆம் ஆண்டு, முதல் பனி விழுவதற்குள், பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. ஆறு மாநிலங்களின் பள்ளிகளும் கல்லூரிகளும் தங்களுக்குள் சேர்ந்து நடத்தும் சங்கத்திலிருந்து வந்த கடிதம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை அந்தச் சங்கம் ஆள் அனுப்பிப் பார்த்து, ‘இந்தப் பள்ளி சொல்வதைச் செய்கிற பள்ளிதான்’ என்று அங்கீகாரம் கொடுக்கும். போன தடவை வந்தவர்கள் இருபத்தாறு குறைகளைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பள்ளி ஐந்தைச் செய்திருந்தது. கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ரசாயன ஆய்வுக்கூடத்தில் புகை போக வழியில்லை. நூலகத்து உலகப்படத்தில் பாதி நாடுகளுக்குப் பழைய பெயர். ஆகவே பள்ளி கடைசி எச்சரிக்கையில் வைக்கப்படுகிறது என்றது கடிதம். 1988 இலையுதிர்காலத்துக்குள் புதிதாகத் தன்னைத்தானே ஆராய்ந்து அறிக்கை எழுதி, பார்வைக் குழுவை வரவேற்க வேண்டும். தவறினால் அங்கீகாரம் போய்விடும்.

அங்கீகாரம் போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வட்டாரக் கல்வி மன்றம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தது. செயின்ட் ப்ளேஸ் பள்ளியைப் பூட்டி, நூற்று அறுபது பிள்ளைகளையும் தெற்கே நாற்பது மைல் தள்ளியிருக்கும் பெரிய பள்ளிக்குப் பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள்.

தலைமையாசிரியர் ரோசேர் டெய்கல் கடிதத்தை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்தார். இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். வாசித்து முடித்ததும் ஆளாளுக்குக் காபிக் கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

“யாராவது ஒருத்தர் இதை எடுத்து நடத்தணும்,” என்றார் ரோசேர். “ரெண்டு வருஷ வேலை. அறிக்கை மட்டும் இருநூறு பக்கம் வரும்.”

“இருநூறு பக்கத்தையும் யாரு டைப் அடிக்கிறது?” என்று ரசாயன வாத்தியார் கேட்டார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். இருபத்தோரு தலைகளும் ஜெர்மேன் பக்கம் திரும்பின.

“பாவிங்களா,” என்றாள் ஜெர்மேன். “ஏன் ரோசேர், ஒத்த விரல்ல அடிக்கிறவங்களா பாத்துப் பாத்தா வேலைக்கு எடுத்த?”

ரோசேர் அவளிடம் தட்டச்சுப் படித்தவர். “உங்ககிட்ட ரெண்டு வருஷம் படிச்ச நானே இன்னும் ரெண்டு விரல்லதான் டீச்சர் அடிக்கிறேன். என்னை நம்பிப் பள்ளிக்கூடத்த விட்டுடாதீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெர்மேனும் சிரித்தாள். அதோடு வேலை அவள் தலையில் ஏறியது.

அன்று சாயங்காலம் அண்ணன் அல்சீட் வீட்டுக்குப் போனாள். அல்சீட் உருளைக்கிழங்கு விவசாயி, ஊர்ப் பள்ளிக் குழுவுக்குத் தலைவரும்கூட.

“இன்ஸ்பெக்டருங்களா வர்றாங்க?” என்று கேட்டார்.

“இன்ஸ்பெக்டர் இல்லண்ணே. நம்மள மாதிரி வாத்தியாருங்கதான். வேற வேற பள்ளிக்கூடத்துக்காரங்க. இதுக்குன்னு சம்பளமும் கெடையாது. நாலு நாள் தங்கிப் பாப்பாங்க.”

“என்னத்தப் பாப்பாங்க?”

“மொதல்ல நம்மளப் பத்தி நாமளே எழுதிக் குடுக்கணும், நல்லது கெட்டது ரெண்டும். அப்புறம் அவங்க வந்து, எழுதுனது நெசமான்னு பாப்பாங்க.”

அல்சீட் தாடையைத் தேய்த்தார். “அப்போ பொய் சொல்லாத வரைக்கும் பயமில்ல.”

“நெசமே கேவலமா இருந்தா?”

“அத நீ பாத்துப் பதமா எழுதணும்.”

பதமாக எழுதுவது ஜெர்மேனுக்கு வரவில்லை. ஆறு வயதில், பள்ளி முற்றத்தில் வீட்டு பிரெஞ்சில் ஒரு வார்த்தை பேசியதற்காக, ‘இனிப் பேசமாட்டேன்’ என்று ஐம்பது தடவை ஆங்கிலத்தில் எழுத வைக்கப்பட்டவள் அவள். நாற்பதாவது வரியில் நிறுத்திவிட்டு, “நாளைக்கும் பேசுவேன், அதனால இதை எழுதுறது பொய்,” என்று சொல்லி இன்னும் ஐம்பது வாங்கிக்கொண்டாள். அதே ஊரில் ஆசிரியையாக வந்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை.

அறிக்கைக்கு எட்டு அளவுகோல்கள் இருந்தன. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, நூலகம், கட்டடம், ஊராரின் ஆதரவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. ஒவ்வொரு குழுவும் தன் பகுதியைத் தானே எடைபோட்டு மதிப்பிட வேண்டும், பிறகு ஆசிரியர்கள் எல்லோரும் கூடி வாக்களிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து முதல் வரைவுகள் வந்தன. ஜெர்மேன் படித்தாள். எட்டுக் குழுவும் எட்டு விதமாக ஒரே விஷயத்தை எழுதியிருந்தன: மோசமில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் பேச்சே அப்படி. விளைச்சல் எப்படி என்றால் மோசமில்லை. பெண்டாட்டிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தால் மோசமில்லை. நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் உறைபனிக்குக் காது கேட்டுவிடும் என்று ஒரு பயம். மோசம் என்று ஒப்புக்கொண்டாலோ பக்கத்து வீட்டுக்காரன் உதவிக்கு வந்துவிடுவான், அது அதைவிட அவமானம்.

“கூரை ஒழுகுது,” என்றாள் ஜெர்மேன், கட்டடக் குழுவிடம். “மழைக்கு மூணாவது வகுப்பறையில வாளி வெக்கிறோம். அது எப்பிடி மோசமில்ல?”

“வாளி நிரம்பறதில்லையே டீச்சர்.”

“போய் மறுபடி எழுதுங்க.”

அவர்கள் எழுதினார்கள். நூலகக் குழு எழுதியது. ரசாயன வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே, புகைமூட்டத்தால் வருஷத்தில் ஒன்பது நாள் ஆய்வுக்கூடத்தை மூடியதை எழுதினார். கடைசியில் ஜெர்மேன் தன்னுடைய வணிகப் பாடப்பிரிவின் பக்கத்தைக் கூட்டத்தில் வைத்தாள். ‘போதாது’ என்று மதிப்பிட்டிருந்தாள். கீழே இரண்டு வரி: இங்குள்ள பதினெட்டுத் தட்டச்சு இயந்திரங்களும் 1961-இல் வாங்கியவை. இங்கே படித்துவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகள் அங்கே முதல் நாளிலேயே தாங்கள் தொட்டுப் பார்க்காத இயந்திரத்தின் முன் உட்கார வேண்டியிருக்கிறது.



“டீச்சர், உங்க வயித்துல நீங்களே அடிச்சுக்கிறீங்க,” என்றார் ரோசேர் மெதுவாக. “இதை யாரும் உங்ககிட்ட கேக்கல.”

“அவரு புகைய எழுதுனாரு, இவங்க கூரைய எழுதுனாங்க. நான் மட்டும் என் ரூம் வாசல்ல வந்ததும் கண்ண மூடிக்கணுமா? கை தூக்குங்க.”

தூக்கினார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இவ்வளவு கறாராக இருந்தவள் ஒரு இடத்தில் சறுக்கினாள். பார்வைக் குழு வருவதற்குத் தேதி கேட்டு எழுதியிருந்தார்கள். ஜெர்மேன் அக்டோபர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை என்று குறித்து அனுப்பினாள். காரணம் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். அந்த வாரம்தான் மேப்பிள் மரங்கள் எல்லாம் ரத்தச் சிவப்பாக எரியும். ‘ஊரு அழகா இருக்கறப்ப வரட்டுமே, மனசு கொஞ்சம் எளகும்’ என்று நினைத்தாள். பள்ளிக்கு உருளைக்கிழங்கு அறுவடைக்காக மூன்று வாரம் விடுமுறை உண்டு. பிள்ளைகள் எல்லாம் வயலுக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷம் விடுமுறை வெள்ளிக்கிழமையோடு முடிந்து, திங்கட்கிழமை மூன்றாம் தேதி பள்ளி திறக்க வேண்டும். ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் தேதி வைத்திருந்தாள். மரத்தைப் பார்த்தவள் மண்ணைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் பதினாறாம் தேதி மழை பிடித்தது. பன்னிரண்டு நாள் விடவில்லை. அறுவடை இயந்திரங்கள் அச்சுவரை சேற்றில் புதைந்து நின்றன. மாதக் கடைசியில் வெயில் வந்தபோது பாதிக் கிழங்கு இன்னும் மண்ணுக்குள் இருந்தது, அடுத்த புதன்கிழமை இரவு கடும் உறைபனி என்று வானொலி சொன்னது. மண்ணுக்குள் உறைந்த கிழங்கு வெளியே எடுத்தால் கூழ்தான். வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக் குழு கூடி, வேறு வழியில்லாமல் விடுமுறையை ஒரு வாரம் நீட்டியது. தலைவர் என்ற முறையில் கையெழுத்துப் போட்டது அல்சீட்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜெர்மேன் அண்ணன் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாள். ரோசேர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம்.

“அவங்க பதினஞ்சு பேரும் நாளைக்குச் சாயங்காலம் வந்து நிக்கிறாங்க,” என்றாள். “காலிப் பள்ளிக்கூடத்தக் காட்டவா?”

“வேணாம்னு தள்ளிப்போட முடியாதா?” என்று அல்சீட் கேட்டார்.

“முடியாது,” என்றார் ரோசேர். “கடைசிக் கெடுவே இந்தப் பருவம்தான். இனி அவங்களுக்கு இந்த வருஷம் வேற குழு அமையாது. கெடு தாண்டுனா அங்கீகாரம் தானாவே போயிடும்.”

அல்சீட் அடுப்பிலிருந்த கல்லைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஒரு பக்கம் மட்டும் வெந்து மேலே கண் கண்ணாகத் திறந்திருந்த ப்ளோய் ஒன்று, அந்த ஊர்த் தோசை, அதில் இருந்தது. “காலையில நாலு மணிலேர்ந்து எல்லாருக்கும் போன் போட்டுட்டேன். அத்தனை வீட்டுலயும் சரின்னுட்டாங்க. திங்கள்லேர்ந்து புதன் வரைக்கும் பிள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடறோம். சட்டை போட்டு, தலை வாரி. லீவுன்னு ஒருத்தரும் மூச்சு விடமாட்டாங்க.”

“கிழங்கு?”

“வர்றது வரட்டும்.”

“வர்றது வரட்டும்னா? பாதி வயல் கெடக்குதுண்ணே. உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்கும்.”

“பள்ளிக்கூடம் போச்சுன்னா அது திரும்பி வராது ஜெர்மேன். கிழங்கு அடுத்த வருஷம் வரும்.”

ஜெர்மேன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அண்ணன் கைகள் மேஜைமேல் இருந்தன. நகக் கண்களில் மண் கறுத்திருந்தது. அவர் சொன்னது சின்ன விஷயம் இல்லை. ஊர் முழுக்க ஒரு வருஷச் சோற்றை எடுத்து அவள் முன் வைத்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினைந்து பேரும் வந்து, வகுப்பு வகுப்பாகப் பார்த்து, திருப்தியாகப் போய்விடுவார்கள்.

“தேதி வெச்சது நான்,” என்றாள். “இலை செவந்திருக்கும்னு வெச்சேன். என் புத்திக்கு நூத்தறுபது பிள்ளைங்கள நாடகம் ஆடச் சொல்லணுமா? ரெண்டு வருஷமா எல்லாரையும் ஒக்கார வெச்சு நெசத்த எழுதுன்னு உசுர வாங்கிட்டு?”

“அப்போ என்ன பண்ணப்போறீங்க டீச்சர்?” என்றார் ரோசேர்.

அவள் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தாள்.

பார்வைக் குழுவின் தலைவி ஹெஸ்டர் வாட்லி. தெற்கே கடற்கரை நகரம் ஒன்றில் ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை. அதுவரை கடிதங்களில் மட்டும் பழக்கம். சுருக்கமாக எழுதுபவர். ஜெர்மேன் எல்லாவற்றையும் சொன்னாள். மழை, உறைபனி, நீட்டிய விடுமுறை, தன்னுடைய தேதி. பிள்ளைகளை மூன்று நாள் கொண்டுவந்து உட்கார வைக்க ஊர் தயாராக இருந்ததையும் மறைக்கவில்லை. அல்சீட் தலையில் கையை வைத்துக்கொண்டார்.



“பிள்ளைங்க இல்லாத பள்ளிக்கூடத்தப் பாக்க நாங்க பதினஞ்சு பேரு எதுக்கு ஐநூறு மைல் வரணும், மிஸஸ் சிரோவா?”

“பிள்ளைங்க இருக்காங்க மேடம். வயல்ல இருக்காங்க. வாத்தியாருங்க அத்தனை பேரும் பள்ளிக்கூடத்துல இருப்போம். பிள்ளைங்க எழுதுன நோட்டு, பரீட்சைத் தாளு எல்லாம் எடுத்து வெச்சிருக்கோம். உங்க கையேட்டுல, ஒவ்வொருத்தரும் ஒரு பிள்ளை கூடவே அரை நாள் போகணும்னு இருக்கு. எங்க போகணும்னு போடல.”

“வேடிக்கையா பேசறீங்களா?”

“இல்ல மேடம். என் நெலமைல வேடிக்கை வராது.”

“நான் பாக்கறத அப்படியேதான் எழுதுவேன்.”

“அதுக்குத்தானே வர்றீங்க.”

“பூட்ஸ் கொண்டு வரணுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவர் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தேவாலயத்துக் கூடத்தில் விருந்து. கோழிக் குழம்பும் ப்ளோயும். வந்தவர்கள் நல்ல தோல் காலணிகளில் வந்திருந்தார்கள். அல்சீட் ஆளுக்கு ஒரு மூட்டை கிழங்கு கொண்டுவந்து வரிசையாக வைத்தார். வாட்லி தலையை ஆட்டினார். உயரமான, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய அம்மாள்.

“பரிசு எதுவும் வாங்கக் கூடாது. விதி.”

“கிழங்கு பரிசா? இங்க அது தண்ணி மாதிரிங்க.”

“தண்ணியும் வேண்டாம்.”

“சரி. பூட்ஸ்?” அல்சீட் பின்னால் கையைக் காட்டினார். ஊர் முழுக்கத் திரட்டிய ரப்பர் பூட்ஸ், இருபத்தைந்து ஜோடி. “இது பரிசு இல்ல. கடன். திருப்பிக் குடுத்துடணும். கழுவிக் குடுக்கணும்.”

வாட்லியின் உதட்டோரம் அசைந்ததை ஜெர்மேன் பார்த்தாள். அது சிரிப்பா என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் செயின்ட் ப்ளேஸில் அதுவரை யாரும் கண்டிராத காட்சி நடந்தது. காலையில் வகுப்பறைகளில் உட்கார்ந்து ஆசிரியர்களைக் குடைந்து எடுத்தவர்கள், பகலில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அறுவடை இயந்திரத்தின்மேல் நின்று, ஓடும் பட்டையிலிருந்து கல்லையும் கொடியையும் அழுகல் கிழங்கையும் பொறுக்கிக்கொண்டே கேள்வி கேட்டார்கள். இயற்பியல் வாத்தியார் ஒருவர் சேற்றில் ஒரு பூட்ஸை விட்டுவிட்டு ஒற்றைக்காலில் நின்றார். அவரைத் தூக்கிவிட்டது அவர் கணக்கு கேட்டுக்கொண்டிருந்த பையன்.

வாட்லிக்கு வாய்த்தது ரஷேல் உவெல்லெட். பன்னிரண்டாம் வகுப்பு, வாய் கொஞ்சம் நீளம். அல்சீட்டின் இயந்திரத்தில் ஆள் குறைந்ததால் ஜெர்மேனும் ஏற வேண்டியதாயிற்று.

“நான் அந்தப் பொண்ணுகிட்ட பேசறப்ப நீங்க பக்கத்துல நிக்கக் கூடாது,” என்றார் வாட்லி.

“எதிர்ப் பக்கம் நிக்கிறேன். இந்தச் சத்தத்துல கர்த்தர் பேசினாலும் எனக்குக் கேக்காது.”

உண்மைதான். பட்டை ஓடியது. எதிரே இரண்டு வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. ரஷேல் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். வாட்லி தலையாட்டினார், கல்லை எறிந்தார், மறுபடி கேட்டார். அரை மணி நேரம். திடீரென்று ஒரு பாறை சிக்கி, டிரைவர் என்ஜினை நிறுத்தினான். அந்த அமைதியில் ரஷேலின் குரல் அவள் கத்திக்கொண்டிருந்த சத்தத்திலேயே வந்து விழுந்தது.

“டைப்ரைட்டிங்கா? அது டீச்சருக்காகப் போறோம் மேடம், மெஷினுக்காக இல்ல! எங்க அக்கா ஆபீஸ்ல கேட்டா, அந்த மெஷினெல்லாம் இன்னுமா இருக்குன்னு விழுந்து விழுந்து சிரிக்கிறாங்களாம்!”

பிறகுதான் என்ஜின் நின்றிருப்பது அவளுக்கு உறைத்தது. ஜெர்மேனைப் பார்த்தாள். காது நுனிவரை சிவந்தாள்.

அறிக்கையில் அதையே ஜெர்மேன் தன் கையால் எழுதியிருந்தாள். ஆனாலும் தான் எழுதுவது வேறு, ஒரு பிள்ளை வாயிலிருந்து கேட்பது வேறு. கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“கல்ல எடுடி,” என்றாள். “பட்டை ஓடப்போகுது.”

“டீச்சர், நான் வந்து—”

“கேட்டதுக்குப் பதில் சொன்ன. இன்னும் கேப்பாங்க, சொல்லு.”

வாட்லி ஜெர்மேனைப் பார்க்காமல் ரஷேலிடம் கேட்டார். “இந்தப் பள்ளிக்கூடம் மூடிட்டா உனக்கு என்ன?”

“எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், நான் ஜூன்ல முடிச்சிருவேன். என் தம்பி போகணும். குளிர்காலத்துல பஸ்ஸு ஒன்றரை மணி நேரம். அந்தப் பெரிய பள்ளிக்கூடத்துல கிழங்கு லீவும் கெடையாது. அப்புறம் எங்கப்பா யார வெச்சு இதை எடுப்பாரு? ஒங்களையா?”

என்ஜின் பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லோரும் நூலகத்தில் கூடினார்கள். கடைசி நாள் வழக்கம் ஒன்று உண்டு. குழுத் தலைவி தாங்கள் கண்டதை வாசிப்பார். பள்ளிக்காரர்கள் கேட்க வேண்டும். கேள்வி கிடையாது, பதில் கிடையாது, கைகுலுக்கல்கூடக் கிடையாது. வாசித்து முடித்ததும் குழு எழுந்து நேராகக் காருக்குப் போய்விடும். அங்கீகாரம் உண்டா இல்லையா என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். அதைச் சங்கம் ஜனவரியில் கூடி முடிவு செய்யும்.

வாட்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முப்பத்தைந்து நிமிஷம் வாசித்தார். ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாத குரல். கூரை ஓராண்டுக்குள். ஆய்வுக்கூடம் அதற்கு முன்பே. நூலகம். வணிகப் பாடப்பிரிவு இப்போதைய வடிவில் தொடர்வதில் பயனில்லை, கணினிப் பாடமாக மாற்றப்பட வேண்டும் அல்லது நிறுத்தப்பட வேண்டும். இந்த இடத்தில் அவர் நிமிரவில்லை. ஜெர்மேன் மடியில் கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த ரசாயன வாத்தியார் தன் முழங்கையை அவள் முழங்கையோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

“நாங்கள் கண்ட குறைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் இந்தப் பள்ளி தானே முன்கூட்டி எழுதித் தந்திருக்கிறது,” என்று வாட்லி வாசித்தார். “எழுதாமல் விட்டது ஒன்று. தான் எதைச் சிறப்பாகச் செய்கிறது என்பதை இந்தப் பள்ளி எங்குமே குறிப்பிடவில்லை. மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களைப் பற்றி எங்களிடம் பேசியது போல் அறிக்கை பேசவில்லை. இது ஓர் அறிக்கைக்குக் கடுமையான குறை. சரிசெய்யப்பட வேண்டும்.”

காகிதத்தை மடித்தார். பதினைந்து பேரும் எழுந்தார்கள். வாசலில் பூட்ஸ்கள் வரிசையாக, கழுவித் துடைத்து, ஜோடி ஜோடியாக இருந்தன. கார்கள் போன சத்தம் அடங்கியதும் ரோசேர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“இருட்ட இன்னும் மூணு மணி நேரம் இருக்கு,” என்றார்.

ஆசிரியர்கள் எல்லோரும் வயலுக்குப் போனார்கள். விளக்குப் போட்டு எடுத்தார்கள். அந்த இரவு உறைபனி விழுந்தபோது அல்சீட்டுக்கு ஆறு ஏக்கர் போயிற்று. மற்றவர்களுக்கு அதைவிடக் குறைவு.

ஜனவரிக் கடைசியில் கடிதம் வந்தது. ரோசேர் அதை ஆசிரியர் அறையில் நின்றபடியே பிரித்தார். அங்கீகாரம் தொடர்கிறது. கடைசி எச்சரிக்கை நீங்கியது. இரண்டு ஆண்டுகளில், சொன்னதையெல்லாம் செய்ததற்கான முன்னேற்ற அறிக்கை வேண்டும். ரசாயன வாத்தியார் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார். யாரோ அல்சீட்டுக்குப் போன் போட்டார்கள். போனில் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டதாம். வட்டார மன்றம் பஸ் பேச்சைக் கூட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

ஆரவாரம் அடங்கிய பிறகு ரோசேர் ஜெர்மேனின் வகுப்பறைக்கு வந்தார். அவள் பதினெட்டு இயந்திரங்களுக்கும் உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், நான் யோசிச்சேன். ஆசிரியர் இடம் ஒண்ணுதான் இருக்கு. கணினிக்கு ஆள் எடுத்தா உங்க இடத்துலதான் எடுக்கணும். நீங்க ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷந்தானே? ‘மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது’ன்னு எழுதிடலாம். ரெண்டு புது மெஷின வாங்கி ஓரமா வெச்சுட்டா, யாரும் ஐநூறு மைல் வந்து பாக்கப்போறதில்ல.”

“அந்த அறிக்கைய யாரு டைப் அடிக்கிறது?”

ரோசேர் ஓர் உறையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“நான்தானே? என் கையால அதை அடிக்கச் சொல்றியா? ஏண்டா, கிழங்க மண்ணுல விட்டுடறோம்னு வந்து நின்னானுங்களே ஊர்க்காரனுங்க, அவனுங்களையே பொய் சொல்ல வேணாம்னு திருப்பி அனுப்புனவ நான்.”

“உங்களுக்கு வேற என்ன இருக்கு டீச்சர்? லியோனெல் அண்ணனும் போயிட்டாரு. பள்ளிக்கூடம் இல்லாம வீட்டுல என்ன பண்ணுவீங்க?”

 ஜெர்மேன் கடைசி இயந்திரத்துக்கு உறையை இழுத்துவிட்டு, சுருக்கத்தை நீவினாள்.

“மொதல்ல தூங்குவேன்,” என்றாள். “அப்புறம் பாத்துக்கலாம்.”

ஜூன் மாதம், தன் ஐம்பத்தெட்டாவது வயதில், மூன்று வருஷம் முன்னதாக விலகிக்கொண்டாள். அவள் இடத்துக்குத் தெற்கிலிருந்து ஓர் இளம் ஆசிரியை வந்தாள், எட்டுக் கணினிகளோடு. முதல் வருஷக் குளிர்காலம் ஜெர்மேனுக்குச் சிரமமாக இருந்தது. காலை ஏழரைக்குக் கையில் பையோடு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒன்றிரண்டு தடவை பார்த்திருக்கிறார்கள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு ஆண்டுக் கெடு முடிந்தபோது முன்னேற்ற அறிக்கையை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். சம்பளம் இல்லை. மூன்று வாரம் தினமும் பள்ளிக்கு வந்து, தன் பழைய அறையில், புது ஆசிரியையின் கணினியில் உட்கார்ந்து அடித்தாள். கூரையின் படம், ஆய்வுக்கூடத்தின் படம் எல்லாம் இணைத்தாள். ‘எதைச் சிறப்பாகச் செய்கிறோம்’ என்ற பகுதிதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. நாலு நாள் அந்த ஒரு பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளையே கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதினாள்.

ஏப்ரலில் பதில் வந்தது. ரோசேர் பனிச்சேற்றில் வண்டியை ஓட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே கொண்டுவந்தார். ஜெர்மேன் வாசல்படியில் உறைந்திருந்த பனிக்கட்டியைக் கோடரியின் பின்பக்கத்தால் உடைத்துக்கொண்டிருந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முழு அங்கீகாரம், எச்சரிக்கை எதுவுமின்றி, 1998 வரை. ஒரு தடவை படித்தாள். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். 

ஜெர்மேன் கடிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து உறைக்குள் போட்டு அவரிடமே கொடுத்தாள்.

“ஃபைல்ல பத்திரமா வை,” என்றாள். “தொண்ணூத்தெட்டுல மறுபடி வந்து கேப்பாங்க. அடுத்த தடவையாவது தேதிய மே மாசத்துல வைங்க.”

பிறகு கோடரியை எடுத்து மிச்சமிருந்த இரண்டு படியையும் உடைக்க ஆரம்பித்தாள்.